தண்ணீர் காட்டாத கல்

பரிசோதனைக் கூடத்து உலையிலிருந்து வெளியே வந்த மூன்று கற்களில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. எண்ணூறு டிகிரிச் சூட்டில் ஒன்றின் மூலை தெறித்துவிட்டது. மற்ற இரண்டும் நடுவில் வாயைப் பிளந்து கிடந்தன.

"அடுத்த வாரம் இன்னொரு தடவ பாக்கலாம்மா. அதுவும் வெடிச்சா என்னை விட்டுடுங்க" என்றார் பேக்கரிக்காரர். பாவம், அவர் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் சுவர் சூடு தாங்காமல் மூன்று முறை உதிர்ந்துவிட்டது. அவர் கைவிட்டால், அந்தச் சுவருக்காக இந்தக் கற்களை வார்த்தவளுக்கு வேறு ஆர்டர் இல்லை. பட்டறையைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

வேறு யாராவது என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அவளோ உடைந்த துண்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள். சிமெண்டே சேர்க்காத கல் அது. நிலக்கரிச் சாம்பலைக் காரக் கரைசலில் பிசைந்து, அச்சில் வார்த்து, ஒரு நாள் சூட்டறையில் வைத்தால் இறுகிவிடும். ஜியோபாலிமர் என்பார்கள். இரண்டு வருடமாக அதோடு மல்லுக்கட்டியவள். தன் கலவை மேல் அவளுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறை வாசலில் அண்ணன் நின்றிருந்தான். முப்பது வருடக் கொத்தனார். பேக்கரிச் சுவரை மூன்று முறை கட்டியதும் அவன்தான்.

"என்ன சாம்பல் ராணி, கல்லு பாஸா?"

அவள் நேராக உள்ளே போனாள். அதே நாளில் வார்த்த கற்களில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டாள். கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே நடுவரைக்கும் கருகருவென்று ஈரம்.

விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவ்வளவு ஈரத்தோடு உலைக்குள் போனால், உள்ளே உண்டாகும் ஆவி வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளந்துகொண்டுதான் வரும்.

"இதுக்குத் தண்ணி விட்டது யாரு?"

அண்ணன் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் மூலையில் சுருண்டு கிடந்த ரப்பர் குழாயைப் பார்த்தான்.

"நான்தான். தெனமும் காலையில, நீ வர்றதுக்கு முன்னாடி. ஏழு நாள் தண்ணி காட்டலைன்னா அது என்ன கல்லு? உன் கல்லு காஞ்சு நொறுங்கிடுமோன்னு..."

"அண்ணே, அது சிமெண்டுக்கு! சிமெண்டு தண்ணி குடிச்சு இறுகும். இது சூட்டுல இறுகிற கல்லு!"

கோபம் தலைக்கேறியதென்னவோ உண்மைதான். ஆனால் ஊரெல்லாம் தன் கல்லைக் கேலி செய்து திரிந்த மனுஷன், யாருக்கும் தெரியாமல் வந்து அதைப் பேணிப் பார்த்திருக்கிறான். அதை நினைத்ததும் அவளுக்குத் திட்டவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. குழாயை மட்டும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் பொட்டு ஈரமில்லாத மூன்று கற்கள் உலைக்குள் போயின. மறுநாள் ஆறி வெளியே வந்தபோது சாம்பல் நிறம் மாறி இளஞ்செம்மையாக இருந்தன. மேலே மயிரிழை போல இரண்டொரு கோடுகள்; அதற்குமேல் ஒன்றுமில்லை. கூடத்துக்காரர் அழுத்தும் எந்திரத்தில் முதலில் சூடு காணாத கல்லை வைத்தார். முப்பத்தெட்டு டன்னில் உடைந்தது. அடுத்து, உலைக்குப் போய் வந்தது. முள் முப்பத்தெட்டைத் தாண்டி நாற்பத்தொன்றில்தான் நின்றது.

"நெருப்புல போட்டா பலம் கூடுதா?" என்று பேக்கரிக்காரர் வாயைப் பிளந்தார்.

"கூடும்னு சொன்னேனே" என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

சுவரை அண்ணன்தான் கட்டினான். அவள் கலந்து கொடுத்த சாம்பல் சாந்திலேயே, நூல் பிடித்தாற்போல. கடைசி வரிசையை வைத்து இறங்கியவன், முப்பது வருடப் பழக்கத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டான்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

அண்ணன் நின்றான். வாளியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு மொத்தத் தண்ணீரையும் தன் காலில் ஊற்றிக் கழுவிக்கொண்டான்.