நீலச் சட்டை

அந்த வெள்ளிக்கிழமை மொம்பாசாவின் துணித் தெருவில், ஒரு லேசோக் கடை வாசலில் நின்று, சிவப்புச் சர்க்கரை பூசிய மபூயு விதைகளைச் சப்பிக்கொண்டிருந்தேன். வாய், விரல், தாடி, சட்டையின் முன்பக்கம் எல்லாம் சிவப்பு. யாரையோ கடித்துத் தின்றுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தேன். ஆறு நாள் கடற்கரை விடுமுறையில் என்னை யார்தான் அடிக்கவில்லை? அலை தூக்கிப் போட்டு மிதித்தது. வெயில் முதுகுத் தோலை உரித்து உப்புத் தடவியது. விடுதிக் குரங்கு ஒன்று கன்னத்தில் அறைந்துவிட்டு மாம்பழத்தைப் பிடுங்கியது. நான் திருப்பி அறைந்தேன், அது தன் சொந்தபந்தம் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது. நாலு என்பாள் என் மனைவி. அவளுக்கு எண்ணத் தெரியாது. இத்தனை யுத்தத்துக்கும் பிறகு, கடைசி நாளை ஆற அமரக் கடை பார்த்துக் கழித்துவிட்டு, பிற்பகல் ரயிலில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

உள்ளே என் மனைவி கலோண்டு, கடைக்காரி ருக்கியாவோடு மல்லுக்கு நின்றாள். எங்கள் மகள் முவெண்டேவுக்குப் போன மாதம்தான் தலைப்பிரசவம். பிள்ளையை முதுகில் கட்ட லேசோ வேண்டும், அதுவும் கடலோரத்து லேசோதான் வேண்டும். ஜோடியாக, நடுவே வெட்டாத ஒரே துண்டாக வரும் அது. வெட்டி, ஓரம் அடித்த பிறகுதான் உடுத்தலாம்.

"இது துணியா, கொசு வலையா? எம் பேத்திய இதுல கட்டினா நடுரோட்டுல விழுந்துருவா."

"ஐயோ அம்மா, இதுல யானையையே கட்டலாம். சந்தேகம்னா உங்க வீட்டுக்காரரக் கட்டிப் பாருங்களேன்."

"அந்த மனுஷன் வாயத்தான் முதல்ல கட்டணும்."

என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வருடம் பேருந்து நடத்துனர் நான். மச்சாகோஸ் நிலையத்தில் நின்று கூவினால் நைரோபியில் பயணிகள் மூட்டையைத் தலையில் ஏற்றுவார்கள். பணி ஓய்வு கொடுத்து வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். குரலை மறந்து என்னிடமே விட்டுவிட்டார்கள்.

யுத்தம் முடிந்தது. நீலப் பூப்போட்ட லேசோ மேசை மேல் கிடந்தது. கலோண்டு காலையில் வாங்கிய ஊறுகாய்ப் பொட்டலங்களைப் பையில் அடுக்கக் குனிந்தாள். பக்கவாசல் வழியாக வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் நுழைந்தார். என் வயதிருக்கும். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. லேசோவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். கையில் ஏதோ மின்னியது.

வெட்டாத லேசோவை அந்தத் தெருவில் யாரும் வாங்கியவர் கையில் கொடுப்பதில்லை. தையல்காரரே வந்து எடுத்துப் போவார், தைத்துக் கொண்டுவந்து தருவார். கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. அன்று தொழுகை நேரம் நெருங்கிவிட்டதால் அவர் ஓடினார். கையிலிருந்தது கத்தரிக்கோல். கடலோரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. நான் மலைக்காரன். எங்கள் ஊரில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஒரே பெயர்தான்.

"திருடன்!" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எதையும் அதோடு நிறுத்தி வழக்கமில்லை. "கத்தி வச்சிருக்கான்! குத்திட்டான்!"

தெரு திரும்பி என்னைப் பார்த்தது. வாயிலும் மார்பிலும் சிவப்பு வழிய நின்றேன். வேறென்ன சாட்சி வேண்டும்?

முதல் அடி கைவண்டிக்காரனுடையது. அதில் லேசோ அவிழ்ந்து தையல்காரர் தலைமேல் விழுந்து முகத்தை மூடியது. அதன் பிறகு அவர்கள் அடித்தது ஆளை அல்ல, ஒரு பூப்போட்ட மூட்டையை. இளநீர்க்காரன் மட்டையால் அடித்தான். கல் வந்தது, செங்கல் வந்தது, ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டு வரிசையில் முண்டினாள். காலையில்தான் அவரிடம் கால்சட்டைக்கு ஓரம் தைத்துப் போன பையன்கூட உதைத்தானாம். ஒவ்வோர் உதைக்கும் மூட்டை சற்றே சுருங்கியது.

"அது அத்மான்! நம்ம தையக்காரர்! அடப் பாவிங்களா, அத்மான்டா!" என்று ருக்கியா அலறினாள். நானும் கத்தினேன், "அவரில்ல! விடுங்க! அவரில்ல!" முப்பத்து நாலு வருடத்தில் முதன்முறையாக என் குரல் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்கவில்லை. கலோண்டு ஊறுகாய்ப் பையைச் சுழற்றியபடி கூட்டத்துக்குள் பாய்ந்து மூட்டையின் மேல் விழுந்தாள். அவள் முதுகில் ஒரு தடி இறங்கியது. தெருமுனையிலிருந்து ஒருவன் பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தான். பின்னால் இன்னொருவன், மண்ணெண்ணெய்ப் புட்டியோடு. திருடன் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்துவதை எங்கள் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

நான் ஒரு கைவண்டியின் மேல் ஏறினேன்.

"திருடன் அங்க ஓடுறான்! நீலச் சட்டை! மீன் சந்தைப் பக்கம்!"

அது மட்டும் கேட்டது. அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, ஓலமிட்டுக்கொண்டு, டயரையும் உருட்டிக்கொண்டு ஓடினார்கள். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பொய். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அத்மானைத் தூக்கி அவருடைய தையல் இயந்திரத்து முக்காலியில் உட்கார வைத்தோம். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உள்ளங்கையில் இரண்டு பற்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கை விரல்கள் கோணலாகத் தொங்கின. கலோண்டு தன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதே லேசோவின் நுனியை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"துணி கிழியலையே, அம்மா?" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க குத்துப்பட்டுச்சு, பெரியவரே?"

நான் சட்டையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"முவெண்டே அப்பா," என்றாள் கலோண்டு, நிமிராமலே. "அந்த நீலச் சட்டை. நீங்க பாத்தீங்களா?"

நான் தாடியில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தேன்.

"சொல்லுங்க. அப்படி யாராவது இருந்தானா?"

மீன் சந்தைப் பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. தேடுகிற இரைச்சல்தான், இன்னும் அகப்படவில்லை. மசூதியில் பாங்கு தொடங்கியது. தொழுகைக்குப் போகிறவர்கள் தெருவில் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தேன். வெள்ளை, வெள்ளை, சாம்பல், வெள்ளை. பிறகு கடைசியில், நீலம்: மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் வாயில் ஒரு மபூயு விதையை ஊட்டியபடி ஒருவன் வந்தான். அவன் மசூதிக்குத் திரும்பவில்லை. மீன் சந்தைப் பக்கம் திரும்பினான்.

நான் வாயைத் திறந்தேன். நாக்கில் சிவப்புச் சர்க்கரை இன்னும் இனித்தது.