உள்ளே கசிந்த ரத்தம்

சுதர்ஷினி தேயிலை மலையில் மயங்கி விழுந்தபோது அவள் உடுப்பில் இருந்தது உள்ளங்கை அளவு ரத்தம்தான். அதனால் முதலில் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் ரோட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் அவள் கொழுந்து பறிக்கிறாள். கணவன் நிரஞ்சன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். மூத்த மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இளையவன் தர்ஷன் பிறந்த பிறகு, கொஞ்ச காலத்துக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். அவள் கிளினிக்கில் கர்ப்பத்தடை ஊசி போட்டுக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி.

"மாசம் முன்னப் பின்ன வரும். சிலருக்கு வராமலே இருக்கும். பயப்படாதீங்க. ஆனா நிக்காம போய்க்கிட்டே இருந்தா வந்து காட்டணும்" என்று மிட்வைஃப் சொல்லித்தான் அனுப்பினார். அன்றைக்கு மடியில் கிடந்த தர்ஷன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். சுதர்ஷினியின் காதில் விழுந்தது 'பயப்படாதீங்க' மட்டும்தான்.

ரத்தம் ஒரு கணக்கில்லாமல் வந்தது. நின்றுவிட்டது என்று தலைக்கு ஊற்றிக்கொள்வாள். இரண்டு நாளில் மறுபடியும் கசியும். மலையில் கக்கூஸ் கிடையாது. துணி மாற்ற வேண்டுமென்றால் தண்ணீர் ஓடும் கானோரம், புதர் மண்டிய பற்றைக்குள் ஒதுங்க வேண்டும். நனைந்த துணியைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கு அதை மறைக்கும் என்ற தைரியத்தில் பொழுது சாயும்வரை நிற்பாள். ஒருநாள் நிரஞ்சனிடம் சொன்னாள். "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், அம்மாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு அவன் ஆட்டோவைக் கழுவப் போய்விட்டான்.

கோயில் திருவிழா வந்தபோதும் ரத்தம் நிற்கவில்லை.

"தேரன்னிக்குமா தூரம்? போன வாரந்தானே தலைக்கு ஊத்துன?" என்றாள் மாமியார் அம்மாக்கண்ணு. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். ஆனாலும் சுதர்ஷினி கூனிக் குறுகிப்போனாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலைத் தேர் கடந்து போனபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்டாள். அடுத்த ஊசிக்கு அவள் கிளினிக் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

சில மாதங்களில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது போலத்தான் இருந்தது. பிறகு ஒருமுறை நாள் தள்ளிப்போனது. அப்புறம் பழையபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. ஊசி மருந்து இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அடிவயிற்றில் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தது. அன்று காலை வலது தோளும் வலித்தது. கொழுந்துப் பாரம் என்று அதையும் ஒதுக்கிவிட்டாள்.

விழுந்தவளை முதலில் தூக்கியது அடுத்த நிரையில் பறித்துக்கொண்டிருந்த வினோதா. இருவரும் ஒரே லயம்.

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டா. தேத்தண்ணி குடுங்க" என்றார் கங்காணி.

வினோதா சுதர்ஷினியின் உதடுகளைப் பார்த்தாள். அவை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. "இது பசி மயக்கம் இல்லீங்க ஐயா. கை சில்லுனு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நிரஞ்சனுக்குப் போன் அடித்தாள்.

ஆட்டோவில் வினோதாவின் மடியில் சாய்ந்து கிடந்தபோது சுதர்ஷினி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தோள் வலிக்குதுடி." வயிற்றைப் பிடித்துக்கொண்டே தோள் வலிக்கிறது என்கிறாளே என்று நிரஞ்சனுக்கு விளங்கவில்லை. வளைவுகளில் ஹோர்னை அழுத்தியபடியே ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டதை நர்ஸ் தமிழில் கேட்டார். "கடைசியா எப்ப மாசம் வந்துச்சு?"

"அது வந்துக்கிட்டேதான் மிஸ் இருக்கு."

சிறுநீரைப் பரிசோதித்தார்கள். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்து வேகவேகமாக ஏதோ சொன்னார். ஆட்டோ ஓட்டிப் பழகிய சிங்களத்தில் நிரஞ்சனுக்கு ஒரு சொல் பிடிபட்டது. குழந்தை. அவன் தவறாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தான்.

நர்ஸ் குனிந்து சுதர்ஷினியின் கையைப் பிடித்தார். "தங்கச்சி, நீங்க மாசமா இருக்கீங்க."

"ரத்தம் போய்க்கிட்டிருக்கே மிஸ்! அப்புறம் எப்புடி?"

"பிள்ளை கர்ப்பப்பையில தங்கல்ல. குழாயில தங்கி, குழாய் வெடிச்சிருக்கு. வெளிய வந்தது கொஞ்சந்தான். மிச்ச ரத்தமெல்லாம் வயித்துக்குள்ள நெறைஞ்சு போயிருக்கு. தோள் வலி அதனாலதான். இப்பவே ஒபரேசன் செய்யணும்."

"ஊசி போட்டிருக்காளே மிஸ்!" நிரஞ்சன் சத்தம் போட்டான். "தவறாம போட்டிருக்கா!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. தள்ளுவண்டியில் கிடந்த சுதர்ஷினி அவனைப் பார்த்தாள்.

"போடலீங்க. விட்டுட்டேன்" என்றாள்.

அதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நிரஞ்சன் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தான். வினோதா உட்காரச் சொன்னதுகூட அவனுக்குக் கேட்கவில்லை. டாக்டர் வெளியே வந்து, உயிருக்கு ஆபத்தில்லை, வெடித்த குழாயை எடுத்தாயிற்று என்று சொன்னார். வயிற்றுக்குள் இரண்டு லீற்றருக்கு மேல் ரத்தம் இருந்ததாம். பெற்றோல் வாங்கப் போகும்போது அவன் கொண்டுபோகும் இரண்டு லீற்றர் கேன் கண்ணுக்குள் வந்து நின்றது. அவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் மலையில் நின்றிருக்கிறாள்.

மறுநாள் அவளால் பேச முடிந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க. அம்மாகிட்ட கேளுன்னீங்க."

அவனுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அதுதான் அவனை இன்னும் கலங்கடித்தது. விலகியிருந்த போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டான். பிறகு, "தர்ஷன் ராத்திரி அழுதானா?" என்று அவளே கேட்டாள். "அழுதான். அம்மா தோள்லயே போட்டுக்கிட்டு நடந்தாங்க. அவங்களும் அழுதாங்க" என்றான்.

பின்னேரம் வினோதா கஞ்சி கொண்டுவந்தாள். போத்தலைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"சுதா, எனக்கும் அப்புடித்தான் போகுது. தைப்பூசத்துக்கு முன்னாலருந்து. நானும் ஊசிய விட்டுட்டேன்."

சுதர்ஷினி தையல் வலிக்க எழுந்து உட்கார்ந்தாள். ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில், ஒரே பற்றைக்குள் ஒதுங்கியவர்கள். இத்தனை நாளும் இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இங்கேயே டாக்டர் இருக்காங்க. இப்பவே போய்க் காட்டு. கஞ்சிய அங்க வச்சிட்டுப் போடி!"

வினோதா போனாள். பரிசோதித்துப் பார்த்ததில் பிள்ளை எதுவும் தங்கியிருக்கவில்லை. உடம்பில் ரத்தம் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பத்தடையை வேறு முறைக்கு மாற்றலாம், அதற்குக் கிளினிக் வர வேண்டும் என்றார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் பெண்கள் உட்காரும் வாங்கில் நிரஞ்சன் தர்ஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆம்பிளை ஏன் இங்கே என்று இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவன் காது சிவந்ததே தவிர எழுந்து போகவில்லை.

மிட்வைஃப் அழைத்ததும் சுதர்ஷினி அவனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"போன தடவை நீங்க சொன்னது எனக்குச் சரியா கேக்கல மிஸ்" என்றாள். "இப்ப ரெண்டு பேருக்கும் சேத்து முதல்லருந்து சொல்லுங்க."