பூதம் கட்டியிருந்த கைக்கடிகாரம்

2019 நவம்பர் 25, திங்கட்கிழமை, வானம் காலையிலிருந்து மூட்டமாகவே இருந்தது, மழை பெய்யவில்லை. பூதம் கதைநூலின் மூன்றாம் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது. கிளை நூலகத்தின் நீண்ட மேசையில் அமர்ந்து அப்பக்கத்தை விரல் வைத்து மும்முறை வாசித்தேன், ஐம்பதாம் அகவையில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்று, இன்று எந்நூலையும் தடையின்றி வாசிக்க வல்ல எனக்குப் பிழை நேர வாய்ப்பில்லை, அதே ஏழு கதவுக் கோட்டை, அட்டையில் அதே நீலக் குதிரை, ஆனால் பூதம் இத்தனை விரைவில் சாகலாகாது, அது கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, பகலுணவு மணி அடித்தபின், மூக்குப்பொடி நெடியோடு ஒவ்வொரு கதவாகத் திறந்து வரவேண்டும், அப்படித்தான் நாற்பதாண்டுக்கு முன் என் அக்காள் சொர்ணத்தாய் கோவில்பட்டித் தீப்பெட்டிக் கொட்டகையில் வாசிக்கிறாள், எங்களுள் எழுத்தறிந்தவள் அவள் ஒருத்தியே, ஆதலால் அவள் வாசிப்பாள், குச்சி அடுக்கும் சட்டமான கட்டையில், அவள் பங்குக்கு நாங்கள் ஆளுக்கு ஒரு வரிசை தீக்குச்சி அடுக்கிக் கொடுப்போம், அதுவே அங்கு வழக்கம், அவளுக்குப் பத்தொன்பது, எனக்குப் பன்னிரண்டு, ஏக்கா, பூதத்துக்கு எதுக்கு வாட்சு என்கிறேன், நேரத்துக்குத் திங்க வேண்டாமா என்று பக்கத்திலிருந்த மாடத்தி சொல்ல எல்லாரும் சிரிக்கிறார்கள், அக்காள் சிரிக்கவில்லை, புத்தகத்துல இருக்கு, நீ குச்சியப் பாரு ஏட்டி என்கிறாள், பூதம் இளவரசியிடம் அடுத்து உன் தங்கையை அனுப்பு என்கிறது, இளவரசியோ தங்கைமேல் திருட்டுப் பழி சுமத்திக் கோட்டையைவிட்டே துரத்துகிறாள், என்ன கிறுக்குப் பிடிச்ச கத தாயீ இது, கூடப் பொறந்தவள எவளாச்சும் களவாணிம்பாளா என்கிறாள் மாடத்தி, மூன்றே நாளில் அக்காள் எல்லார் முன்னிலையிலும் என் பாவாடை மடிப்பிலிருந்து தீப்பெட்டியில் ஒட்டும் லேபிள் ஒரு கட்டை உருவி, மொதலாளி, இவ களவாணி என்றாள், நான் எடுக்கவில்லை, என் சொல் எடுபடவில்லை, அன்றே விரட்டினார்கள், அப்பா விளக்குமாற்றால் அடித்தார், அதே மாதம் அக்காள் ஊரைவிட்டு ஓடிப்போக, வீட்டார் அவளைத் தலைமுழுகினார்கள், நானும் கிணற்றடியில் நின்று எல்லாரையும்விட ஒரு குடம் கூடுதலாக ஊற்றிக்கொண்டேன்.

நூலைக் கடைசிவரை புரட்டினேன். இளவரசிக்குத் தங்கையே இல்லை. கைக்கடிகாரம் இல்லை, பொடி நெடி இல்லை, அவையிரண்டும் கொட்டகைக் கணக்கப்பிள்ளையிடம் இருந்தன, பகலுணவுக்குப் பின் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மருந்துக் கிடங்குக்கு அழைத்தாரே, அவரிடம், என் பெயரை அவர் ஒருமுறையும் அழைத்ததில்லை, அழைப்பதற்குள் நான் களவாணி ஆகிவிட்டிருந்தேன், அத்தனை பேர் நடுவே அக்காள் அதைக் கதையாக நாள்தோறும் உரக்கச் சொல்லியிருக்கிறாள், நாங்கள் குச்சி அடுக்கிக்கொண்டே சிரித்திருக்கிறோம்.

சித்தி மகள் என்றோ கொடுத்து, நான் ஒருநாளும் அழைக்காத அக்காளின் திருப்பூர் எண்ணை நூலக வாசலில் நின்று அழுத்தினேன், இருமுறை தவறாக அழுத்தினேன். யாரு என்றது முதுமை தட்டிய குரல். அக்கா, நான்தான், புத்தகத்துல தங்கச்சியே இல்லையேக்கா என்றேன். ஏட்டி, நீ எப்பம் எழுத்துப் படிச்ச என்றாள், அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில். அக்கா அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், நாற்பதாண்டுப் பகை தீர்ந்தபோது மணி பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு.