நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள்

காலை வைத்ததும் ஷீட் பொதக்கென்று அமுங்கியது. ஒரு அடி தள்ளி வைத்தேன், அங்கேயும் அமுங்கியது. பதினோரு வருஷமாகக் கூரை போடுகிறவளுக்கு இதற்குமேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். கீழே இரும்புத் தகடு, அதன்மேல் சூட்டைத் தடுக்கிற பஞ்சுப் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே நான் விரித்து ஒட்டிய வெள்ளை ஷீட். நடுவில் இருக்கிற பலகை தண்ணீர் குடித்திருந்தது. வயிறு முட்டக் குடித்திருந்தது.

"பாத்தீங்களாம்மா? உங்க ஜாயின்ட் விட்டுப்போச்சு" என்றார் மேனேஜர். ஏணி ஏறிய மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. அது நோட்டுப் புத்தகம் செய்கிற ஃபேக்டரி. கீழே கோடு போட்டு அடுக்கி வைத்திருந்த தாள் கட்டுகள் நனைந்து, ஊதி, ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டு கிடந்ததை ஏறுவதற்கு முன்பே காட்டியிருந்தார். தைக்கிற மேஜையில் இருந்த பெண்கள் ஈரக் கட்டுகளைப் பிரித்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், இவள்தானா அவள் என்று இருந்தது. மேனேஜரின் கோபத்தில் நியாயம் உண்டு. சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே என் ஜாயின்ட்தான் ஓடுகிறது.

ஆனால் ஜாயின்ட் விட்டுப்போச்சு என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டு ஷீட்டை நாலு விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று போட்டு, ஹீட் கன்னால் உருக்கி, உருளையால் அழுத்துவதுதான் ஜாயின்ட். எல்லோரும் அதோடு வீட்டுக்குப் போவார்கள். நான் மறுநாள் காலையில் வந்து, ஸ்குரூ டிரைவர் முனையை ஜாயின்ட் ஓரத்தில் வைத்து, முட்டி போட்டபடியே கூரை முழுக்கத் தள்ளிக்கொண்டு போவேன். எங்காவது முனை உள்ளே நுழைந்தால் அந்த இடத்தை மறுபடி உருக்குவேன். 'வேண்டுதல்காரி' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். ஹீட் கன்னோடு ஒரு பொம்பளை கூரை ஏறி வந்து நின்றபோது, முதல் இரண்டு வருஷம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டுக்குக்கூட என்னை நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை. இப்போது கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள் என்றால் அது என் முகத்துக்காக இல்லை. அவளுடைய ஜாயின்ட் விடாது என்ற ஒரு பேச்சுக்காக. எனக்கென்று இருக்கிற சொத்து அந்தப் பேச்சு ஒன்றுதான்.

பிறகுதான் பேனல்கள் பக்கம் போனேன். கூரை முழுக்க வரிசை வரிசையாக சோலார் பேனல். குனிந்து ஒரு வரிசையின் அடியில் பார்த்தேன். பேனலைத் தாங்குகிற ஒவ்வொரு காலுக்கும் நாலு போல்ட், என் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு நேராகத் தகட்டில் இறங்கியிருந்தது. போல்ட்டைச் சுற்றி சிலிக்கான் பசை, கேக் மேல் கிரீம் மாதிரி அழகாக வளைத்து வைத்திருந்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன். வளையம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. இந்த ஷீட்டில் சிலிக்கான் ஒட்டாது. ஒட்டின மாதிரி ஒரு மாதம் நடிக்கும், அவ்வளவுதான். நூற்று மூன்று கால், நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டை.

போட்டவன் என் தம்பி.

அவனை இங்கே சேர்த்துவிட்டதே நான். இன்னொருவரிடம் கைகட்டி வேலை பார்த்தவன் சொந்தமாக எடுத்த முதல் வேலை. அப்போதே படித்துப் படித்துச் சொன்னேன்: "கான்கிரீட் கட்டை வச்சு நிறுத்து, துளைக்காத. துளைச்சே ஆகணும்னா முன்னாடி ஒரு போன் பண்ணு. ஒவ்வொரு காலைச் சுத்தியும் இதே ஷீட்ல பட்டை வெட்டி நானே உருக்கி ஒட்டித் தரேன்." சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டினான். போன் வரவேயில்லை.

இப்போது நான் பண்ணினேன். அரை மணியில் வந்தான். புது பூட்ஸ், சட்டைப் பையில் கம்பெனி பேர் தைத்திருந்தது. மேனேஜர் கீழே இறங்கும்வரை காத்திருந்து, கையில் இருந்த வளையத்தை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அக்கா, கத்தாத. நான் சொல்றத கேளு. ஜாயின்ட்னு எழுதிக் குடுத்துரு."

"என்னது?"

"உன் கியாரன்டில வந்துரும். நீ ஒட்டின மாதிரியும் ஆச்சு, நான் ராத்திரி பகலா உக்காந்து போல்டெல்லாம் சரி பண்ணிடறேன், யாருக்கும் தெரியாது. இவங்களுக்கு இன்னும் மூணு கட்டிடம் இருக்கு. மூணும் எனக்குன்னு வாய்விட்டு சொல்லியிருக்காங்க. இது வெளிய வந்தா நான் காலி."

"அப்ப நான்?"

"உனக்கு பேர் இருக்குக்கா. ஒண்ணு போனா தாங்கும்."

ஒன்று போனால் தாங்குமாம். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. போடா கீழே என்று ஏணியைக் காட்டினேன். அவன் இறங்கின ஐந்தாவது நிமிஷம் அம்மாவின் போன்.

"அவன் இப்பதான்டி கையை ஊனி எழுந்திருக்கான். ஒரு வரி எழுதிக் குடுத்தா உனக்கு என்ன தேஞ்சா போயிடும்?"

"தேஞ்சுதான் போகும்மா. என் முட்டியப் பாத்திருக்கியா நீ?"

"சின்னவன். நீதான் விட்டுக்குடுக்கணும்."

நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் எப்படிச் சின்னவனாகவே இருக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை. ஜன்னலோர ஸீட்டிலிருந்து அப்பா விட்டுப்போன வீட்டின் மாடிவரை எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அம்மா என்னிடமிருந்து வாங்கியிருக்கிறாள். கொடுத்தபோதெல்லாம் வலித்தது, நான் சொன்னதில்லை. "இத குடுக்க மாட்டேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

மேனேஜரிடம் போய் ஜாயின்ட் இல்லை, ஓட்டை என்றேன். அவர் சிரித்தார். "ஓட்டை எங்கியோ இருக்கு, தண்ணி இங்கல்ல சொட்டுது? அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஆள் கைகாட்டுங்க, நடுவுல நான் பைத்தியக்காரன்." தம்பி அவர் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓட்டை வழியே இறங்கிய தண்ணீர் தகட்டின் பள்ளத்தில் ஓடி, தகடும் தகடும் சேருகிற இடத்தில்தான் கீழே விழும் என்பதை எத்தனை வாயால் சொன்னாலும் அவருக்கு ஏறாது என்று தெரிந்தது. சுற்றிலும் பார்த்தேன். கோடு போடுகிற மெஷின் பக்கத்தில் இரண்டு டிரம் மை இருந்தது. மார்ஜினுக்குச் சிவப்பு, கோட்டுக்கு நீலம்.

"எனக்கு சிவப்பு, அவனுக்கு நீலம். ஆளுக்கு ஒரு வாளி குடுங்க சார்" என்றேன்.

ஒரு வாளித் தண்ணீரில் சிவப்பைக் கலக்கி மேலே கொண்டுபோய், ஜாயின்ட் மேல் மணல் மூட்டையால் சிறு வரப்பு கட்டி, நிறைய நிறைய ஊற்றினேன். கீழே சொட்டு விழுகிற இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து மேனேஜர் நின்றார். பக்கத்தில் தம்பியையும் நிற்கச் சொல்லியிருந்தேன். ஒரு மணி நேரம். தாளில் வெறும் தண்ணீர்க் கறைதான். சிவப்பின் நிழல்கூட இல்லை. பிறகு மேட்டுப் பக்கம் ஒரு காலைச் சுற்றி வரப்பு கட்டி நீலத்தை ஊற்றினேன். ஊற்றிவிட்டு இறங்கி வந்து நானும் நின்றேன். தையல் மேஜைப் பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். இருபது நிமிஷம் இருக்கும். தாளில் ஒரு சொட்டு விழுந்தது, இளநீலம். அடுத்தது இன்னும் அழுத்தமான நீலம். மூன்றாவது சொட்டு விழுந்ததும் மேனேஜர் தாளை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

"ஒரு வாரத்துல எல்லாத்தையும் கழட்டி எறக்கிடணும். அந்த மூணு கட்டிடப் பேச்சையும் மறந்துருங்க."

ஜெயித்தவள் மாதிரி இருக்க வேண்டும் நான். வெளியே வந்ததும் வாளியை எட்டி உதைத்தேன்.

"ஏன்டா கூப்பிடல? ஒரு போன். அதுக்கு மேல என்ன கேட்டேன்?"

அவன் அந்தத் தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். "கூப்பிட்டா வந்திருப்ப" என்றான். "வந்து, என் ஆளுங்க எட்டு பேருக்கு முன்னாடி, டேய் இங்க வாடா, டேய் அத எடுடான்னு நின்னிருப்ப. என்னைக்காவது ஒரு நாள் நான் முதலாளியா இருக்கணும்னு பாத்தேன்."

"அதுக்கு என் கூரைய ஓட்டை போட்டியா?"

"சிலிக்கான் புடிக்கும்னு நெனச்சேன்."

வந்திருந்தால் டேய் என்றுதான் கூப்பிட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை, போய் உட்கார ஒரு இடம் இல்லாமல் உடம்பெல்லாம் சுற்றியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நனைந்த பலகைகளை வெட்டி எடுக்க நான் போனபோது அவன் மட்டும் கூரையில் இருந்தான். ஆட்கள் வரவில்லை. கழட்டி இறக்குகிற வேலைக்கு யாருக்குத்தான் கை ஓடும். மெயின் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிரித்து, முதல் வரிசையின் போல்ட்டுகளைத் தானே கழட்டி வைத்திருந்தான். ஒரு பேனலைத் தனியாகத் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்தான். மறுபடி தூக்கினான். ஆளுயரத்துக்கு மேல் நீளம், கால் குவிண்டால் எடை. நான் என் பாட்டுக்குக் கத்தியால் ஷீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன். உதவி கேட்பான் என்று பார்த்தேன், கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவன் இடுப்பு ஒரு பக்கம் மடங்கியபோது கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தேன். அதை இறக்காமல் என்னால் அடியில் வேலை பார்க்க முடியாது. அதற்காகத்தான் பிடித்தேன்.

கிடையாகத் தூக்கிக்கொண்டு ஏணிப் பக்கம் நடந்தோம். அவன் என்னைப் பார்த்தபடி பின்பக்கமாக அடி வைத்து நடந்தான். கூரையின் நடுப்பகுதி தாண்டியதும் காற்று வந்தது. பேனலின் அடியில் புகுந்து ஒரே தூக்காகத் தூக்கியது. கையில் படுத்திருந்தது நட்டுக்குத்தாக எழுந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுவராக நின்றது. என் முதுகுப் பக்கமிருந்து வீசிய காற்று அதை அவன்மேல் தள்ளியது. அவனுக்குப் பின்னால் பத்தடியில் கூரை முடிகிறது, அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு விளிம்பு, அவ்வளவுதான்.

"விட்ராத!" என்று கத்தினேன். அவன் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை. மன்னிப்பா, வசவா, தெரியாது. அலுமினிய ஓரம் என் விரல்களை அறுத்தது. அப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. அந்தக் கோபம் முழுவதையும் கைக்குக் கொண்டுவந்து என் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம் தெரியவில்லை. பேனலுக்குக் கீழே அவன் பூட்ஸ் இரண்டும்தான் தெரிந்தன, குதிகால்களை வெள்ளை ஷீட்டில் ஊன்றி, ஊன்றியபடியே விரல்கடை விரல்கடையாகப் பின்னால் வழுக்கிக்கொண்டு.