நட்டத்துக்கு முன்னால் ஒரு கோடு

“அக்கா, உங்க கம்பெனி லாபமாமே! மூச்சுகூட விடல?”

தம்பி போன் செய்தபோது அவள் அப்போதுதான் இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தாள். நிறுவனத்தின் வருடக் கணக்கை முந்தின நாள்தான் அரசாங்கத் தளத்தில் ஏற்றியிருந்தாள். கணக்கிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு டேக், அதாவது அடையாளக் குறி, போடுவது அவள் வேலை. டேக் இருந்தால் மனிதர் படிக்க வேண்டாம். கம்ப்யூட்டரே படித்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும்.

“லாபம்னு யார் சொன்னா?”

“பங்குச் சந்தை ஆப் சொல்லுது. பச்சையா காட்டுது. வீடு கட்டச் சேர்த்த பணத்தைப் போட்டு பங்கு வாங்கலாம்னு பார்க்கிறேன்.”

“பங்கைப் பத்தி என்கிட்ட பேசாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? என் வேலைக்கு உலை வச்சிடாதே. கணக்கு எல்லாருக்கும் தெரியத்தான் கிடக்கு. முதல் பக்கத்தைப் படி.”

“அதையெல்லாம் யாருக்கா படிக்கிறா? அதுக்குத்தானே நீங்க டேக் போடுறீங்க?” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

இந்த வருடம் நட்டமாயிற்றே!

ஏற்றிய கணக்கைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் நட்டம் கழித்தல் குறியோடு சரியாகத்தான் இருந்தது. அதற்கு ‘நட்டம்’ என்ற டேக்கைப் போட்டவள், கைப் பழக்கத்தில் அந்தக் கழித்தல் குறியையும் உள்ளே தட்டியிருந்தாள். நட்டத்தைக் கழித்தால் லாபம் என்று மெஷின் எடுத்துக்கொண்டது.

நிதித் தலைவரிடம் ஓடினாள். எதைக் கேட்டாலும் தள்ளிப்போடுவதால் அலுவலகத்தில் அவருக்கு ‘அப்புறம் சார்’ என்று பெயர்.

“சார், என் தப்புதான். திருத்தம் தயாரா இருக்கு. உங்க கையெழுத்து மட்டும் வேணும்.”

“பக்கத்துல நட்டம்னுதானே இருக்கு?”

“மனுஷன் படிச்சா நட்டம் சார். மெஷின் படிச்சா லாபம்.”

அவர் திரையைப் பார்த்தார். பங்கு விலை ஏறிக்கொண்டிருந்தது.

“வருஷத்துல ஒரு நாள் ஏறுது, அதையும் கெடுக்கணுமா? அப்புறம் பார்க்கலாம். அதுவரைக்கும் வீட்டுலகூட வாய் திறக்கக் கூடாது.”

டிஜிட்டல் கையெழுத்துச் சாவியான பென்டிரைவ் அவர் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாமல் திருத்தம் ஓர் அங்குலம் நகராது.

இருக்கைக்கு வந்து போனை எடுத்தாள். ‘வாங்காதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அலுவலக ரகசியத்தை உறவுக்கு விற்றதாக ஆகும். சட்டம் இரண்டு பேரையும் விடாது. மனசு கேட்காமல் தம்பி எண்ணை அழுத்தினாள். மணி ஒலித்தது. பயந்துபோய்த் துண்டித்தாள். அவன் திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

மறுபடியும் அப்புறம் சாரின் வாசலில் போய் நின்றாள்.

“இன்னும் என்னம்மா?”

“கையெழுத்து சார்.”

“அப்புறம்னு சொன்னேன்ல?”

“நிக்கிறேன் சார். நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். “உயிரை வாங்கறியேம்மா!” என்று கடைசியில் சாவியை எடுத்தார்.

திருத்தம் ஏறியது. சற்று நேரத்தில் பச்சை சிவப்பானது. விலை தலைகுப்புற விழுந்தது.

போன் அடித்தது.

“அக்கா...” குரல் வறண்டிருந்தது. “இப்பதான் அந்த முதல் பக்கத்தைப் படிச்சேன்.”

“வாங்கிட்டியா?”

“ம்.”

“ஏன்டா, நான் அவ்வளவு சொல்லியும்...”

“சும்மாதான்க்கா இருந்தேன். நீ கூப்பிட்டுக் கட் பண்ணினே பாரு, அப்பதான் வாங்கினேன். வாயால சொல்ல முடியாம, வாங்குன்னு நீ சைகை காட்டறேன்னு நினைச்சுட்டேன்.”