ஸ்ரேஷன் மாஸ்ரரின் செத்தவீடு

கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொன்ஸ்ரன்ஸ் புருசனுக்குக் கடைசித் தடவையாகச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு நீங்க வாயைத் திறக்கிறது கட்லட் சாப்பிட மட்டும்தான். விளங்கிச்சோ?"

வலன்ரைன் தலையை ஆட்டினார். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. மகன் றேமண்டுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, முன்தலை வெளிக்கத் தொடங்கியிருந்தது. துறைமுகத்தில் நல்ல வேலை, குடி கிடையாது. இருந்தும் பேசிவந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போயின. பெண் பார்க்கப் போன இடமெல்லாம் தகப்பன் கதை சொல்லியே காரியத்தைக் கெடுத்தார் என்பது கொன்ஸ்ரன்ஸின் தீர்ப்பு. இந்த முறை விசயம் வேறு. செலீன் என்ற இந்தப் பெண்ணை றேமண்ட் ஒரு சிநேகிதன் வீட்டில் கண்டு, பேசிப் பழகி, கட்டினால் இவள், இல்லாவிட்டால் ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சும்மா மிரட்டுகிற பிள்ளை அல்ல அவன்.

வலன்ரைன் சாதாரண வாயாடி என்று நினைத்துவிடக்கூடாது. கொட்டாஞ்சேனையில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. முன்பு அதற்குக் கிட்ட, மட்டக்குளிப் பக்கம் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் மாடிவீடுகள். அந்தக் காலத்தில், ஓரளவு சுகப்பட்ட நோயாளிகளைப் பகலில் வெளியே விடுவார்கள். அவர்கள் தெருத்தெருவாய் நடந்து திரிவார்கள், ஊரும் அவர்களுக்குச் செல்லம் கொடுத்து வைத்திருந்தது. மீன்காரிகளின் கூடைகளை ஆசீர்வதித்துக்கொண்டு போவார் ஒரு பாப்பரசர். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ராணிக்கு அனுப்ப இது காணாது என்று கீழே வைப்பாள் ஒரு மிஸிஸ் கவர்னர். செத்தவீட்டில் சீட்டாட்டம் அலுக்கும்போதும், கல்யாணவீட்டில் இரண்டாவது கிளாஸ் முடியும்போதும், "வலன்ரைன் அண்ணை, நம்மட ஆக்களின்ர கதையை ஒருக்கா எடுத்து விடுங்கோ" என்று சனம் கேட்கும். அவரும் எடுத்து விடுவார். அந்த நோயாளிகளை 'நம்மட ஆக்கள்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் என்ன என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. வலன்ரைனுக்கும் தெரியாது.

பெண் வீடு கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில். தகப்பன் ஒஸ்வால்ட் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டாள். வழுக்கை, தடித்த கண்ணாடி, சற்றே தொந்தி. வாருங்கோ என்றார், இருங்கோ என்றார், அதோடு அவர் பேச்சு முடிந்துவிட்டது. றேமண்ட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். செலீன் தேத்தண்ணீரும் பற்றீஸும் கொண்டுவந்து வைத்தாள். மின்விசிறி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. பேச்சில்லாத வீட்டில் இருப்பது வலன்ரைனுக்கு மூச்சு முட்டுகிற விசயம்.

"நீங்க கொட்டாஞ்சேனையிலயே பிறந்து வளர்ந்தனீங்களோ?" என்று கடைசியில் ஒஸ்வால்ட் கேட்டார், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"ஓம் ஓம். அந்தப் பெரிய விசர் ஆஸ்பத்திரி இருந்ததெல்லோ, அதுக்குக் கிட்ட."

ஒஸ்வால்டின் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அதை வலன்ரைன் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். கொன்ஸ்ரன்ஸ் எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஒன்றே ஒன்று, என்று கண்ணாலேயே கெஞ்சிவிட்டு அவர் தன் மிகச் சிறந்த கதையைத் தொடங்கினார்.

"ஸ்ரேஷன் மாஸ்ரர் எண்டு ஒருத்தர். சாறத்துக்கு மேல கறுத்தக் கோட்டு, கழுத்தில விசில். பஸ் ஹோல்ற்றில நிப்பார். அவர் விசில் அடிச்சாத்தான் பஸ் வெளிக்கிடும். கிழடு கட்டை, பிள்ளைத்தாச்சி, எல்லாரும் ஏறி இருக்கவேணும், அதுவரைக்கும் அடிக்கமாட்டார். றைவர்மார் தலையை வெளியில போட்டு, 'ஸ்ரேஷன் மாத்தயா, யமுத?' எண்டு கெஞ்சுவாங்கள். ஐயா, போவமா எண்டு சிங்களத்தில! ஒரு நாள் பொலிஸ் பெரியவர் ஒருத்தர் ஓடுற பஸ்ஸில பாய்ஞ்சு ஏறினவர். இவர் விசிலை அடிச்சு பஸ்ஸை நிப்பாட்டி, ஆளை இறக்கி, லைனின்ர கடைசியில விட்டவர். பொலிஸ்காரனும் பேசாமப் போய் நிண்டவன்!"

கொன்ஸ்ரன்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒஸ்வால்ட் சிரிக்கவில்லை. "பிறகு?" என்று மட்டும் கேட்டார்.

இந்தப் 'பிறகு'தான் முன்பு வலன்ரைனுக்குத் தலையிடியாய் இருந்தது. உண்மையில் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நாள் ஆளைக் காணவில்லை, அவ்வளவுதான். ஆனால் கதை கேட்கிறவர்கள் அதை ஒத்துக்கொள்வார்களா? முகம் சுளித்தார்கள். ஆகவே ஒரு கல்யாணவீட்டில் அவரைச் சாகவைத்தார். சனத்துக்குப் பிடித்துவிட்டது. அடுத்த இடத்தில் மழையைச் சேர்த்தார், அதற்கடுத்த இடத்தில் ஊர்வலத்தைச் சேர்த்தார். இப்போது அது கொட்டாஞ்சேனையிலேயே மிகப் பெரிய செத்தவீடாக வளர்ந்திருந்தது. நடக்காத அந்தச் செத்தவீட்டை நினைத்தால் வலன்ரைனுக்கு உண்மையாகவே கண் கலங்கும்.

"நல்ல மழை. பஸ் நிறைஞ்சிட்டுது. விசிலை வாயில வைச்சவர், அப்பிடியே சரிஞ்சிட்டார். றைவர்மார்தான் பெட்டி தூக்கினவை. மாதம்பிட்டிச் சேமக்காலை கொள்ளாத சனம். நானும் ஒரு பக்கம் தோள் குடுத்தனான். பெட்டி குழிக்குள்ள இறங்கேக்க கொண்டக்ரர் ஒராள் பஸ் மணியைக் கொண்டுவந்து அடிச்சவர், ரெண்டு தரம். போகலாம் எண்டு."

அவர் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஒஸ்வால்ட் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"நிறையப் பேர் அழுதவையோ?"

"அழாத ஆள் இல்லை. இப்ப அந்த மனுசன் உயிரோட வந்தா நான் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுவன்."

கதை காரியத்தைக் கெடுக்கவில்லை என்று கண்ட கொன்ஸ்ரன்ஸ் தன் வேலைக்கு வந்தாள். சம்பந்தம் பேசுகிற இடத்தில் கடைசியாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கேட்காமல் எழும்பினால் பிறகு இனசனம் குறை சொல்லும்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை, வழக்கத்துக்குக் கேக்கிறன். உங்கட பக்கத்தில ஆருக்கும் விசர், மண்டைப் பிழை, அப்பிடி ஏதும் இருந்ததோ?"

"டடா..." என்று தகப்பனைத் தடுக்கப் பார்த்தாள் செலீன்.

"இருந்தது," என்றார் ஒஸ்வால்ட். "ஒராளுக்கு. ஆனா அவர் செத்திட்டார். இப்பதான் மிஸ்ரர் வலன்ரைன் அடக்கம் பண்ணினவர்."

"ஐயோ, அந்த ஸ்ரேஷன் மாஸ்ரர் உங்கட சொந்தமோ?" கொன்ஸ்ரன்ஸின் முகத்தில் பாதி கவலை, பாதி நிம்மதி. செத்தவரால் பெரிய கரைச்சல் இல்லை. ஆனாலும் இரத்தம் எவ்வளவு கிட்ட என்று தெரியவேண்டும். "உங்களுக்கு என்ன முறை? அப்பா வழியோ, அம்மா வழியோ?"

வலன்ரைன் அப்போதுதான் எதிரில் இருந்தவரை முதல் தடவையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, தொந்தியைக் குறைத்து, தலையில் மயிர் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. ஸ்ரேஷன் மாஸ்ரர்தான் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிற எண்ணம் ஏனோ வரவில்லை. வந்தது பயம். றேமண்டின் பிள்ளைகள் கழுத்தில் விசிலோடு நடுவீதியில் பஸ்களை மறிப்பது கண்முன்னே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒஸ்வால்ட் தூரத்து ஒன்றுவிட்ட சகோதரம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். அல்லது கொன்ஸ்ரன்ஸின் காதில் ஒரு சொல் போட்டால் சம்பந்தமே வேண்டாமென்று எழும்பிவிடுவாள். இரண்டிலும் அவருடைய கதைக்குச் சேதமில்லை. இதை யோசித்த கணத்தில் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனை வருசமாக அந்த மனிதன்மேல் உயிர் என்று சொல்லித் திரிந்த உயிர் இவ்வளவுதானா?

ஒஸ்வால்ட் எதையும் சமாளிக்கப் போகிறவராகத் தெரியவில்லை. சொல்லத்தான் வாயெடுத்தார்.

"எனக்குச் சம்பந்தி முறை," என்று வலன்ரைன் முந்திக்கொண்டார்.

கொன்ஸ்ரன்ஸுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. புருசனைப் பார்த்தாள், ஒஸ்வால்டைப் பார்த்தாள். றேமண்ட் எழும்பிப் போய்ச் செலீனுக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்கு இது முன்பே தெரியும் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"அப்ப அந்தச் செத்தவீடு?"

"நடக்கேல்ல," என்றார் வலன்ரைன். "ஒரு நாள் ஆளைக் காணேல்ல. நாங்கள் ஒருத்தரும் தேடேல்ல." இந்த முறை அவர் கைலேஞ்சியை எடுக்கவில்லை. அழுவதற்கு வெட்கமாக இருந்தது.

கொன்ஸ்ரன்ஸ் மகனைப் பார்த்தாள். அவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பெருமூச்சு விட்டு, புருசனின் பக்கம் திரும்பினாள்.

"இனி கல்யாணத்துக்கு எங்கட சனத்துக்கு என்ன முகத்தோட சொல்லுறது? அவ்வளவு பேரும் இவருக்கு அழுது முடிச்ச ஆக்கள்!"

"அதுக்கென்ன," என்றார் ஒஸ்வால்ட். "நான் நேர வந்து எல்லாருக்கும் நன்றி சொல்லுறன்."