பக்கத்து வீட்டு இருமல்

"இன்னைக்கு நான் ஒளிய மாட்டேன்—"

"மெதுவா பேசு, அம்மா வாசல்லயே நிக்கிறாங்க—"

"நிக்கட்டும். இந்த மாடியிலேயே நம்மள மாதிரி கல்யாணம் ஆகாத ஜோடி மூணு இருக்கு. யாராவது பால்கனியில போய் ஒளியறாங்களா?"

"அவங்களுக்கெல்லாம் எங்கம்மா மாதிரி அம்மா இல்ல. இதான் கடைசித் தடவை. போப்பா."

"சரி, துணியோட துணியா நானும் காயறேன். தட்டக்கூட மாட்டேன், போதுமா?"

அழைப்பு மணி மறுபடி அடித்தது. அவன் பால்கனிக்குப் போனான். அவள் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அவன் செருப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாசல் கதவைத் திறந்தாள்.

அவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் அன்று இழுப்போடுதான் வீட்டுக்கு வந்திருந்தான். இருவரும் ஒன்றாகக் குடியிருக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவைப் பொறுத்தவரை மகள் தனியாக இருக்கிறாள்.

அம்மா கூடத்தில் சாவகாசமாக உட்கார்ந்தாள். பஸ்ஸில் இடம் கிடைக்காத கதை வந்தது. அக்கா மாமியாரின் முழங்கால் கதை வந்தது. ம் கொட்டிக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் மேஜைமேல் கிடந்த இன்ஹேலரைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்துவிட்டாள்.

"யாருக்குடி இழுப்பு?"

"எனக்குத்தாம்மா."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்போதிலிருந்து, எந்த டாக்டர், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று துருவ ஆரம்பித்தாள். வெளியே இருமல் கேட்டது. பக்கத்து வீடு என்றாள் மகள். மறுபடியும் இருமல், நடுவில் விசில் மாதிரி மூச்சு. பாவம், யாரோ ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள் என்றாள் அம்மா.

தட்டேன், ஒரு தடவை தட்டித் தொலையேன் என்று மகள் உள்ளுக்குள் கெஞ்சினாள். அவன் தட்டவில்லை.

முழங்கால் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாதியில் அம்மா பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"இருமல் நின்னுடுச்சே. தேவலை போல."

மகள் சட்டென்று எழுந்தாள்.

"அம்மா, அது பக்கத்து வீடு இல்லம்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், தன் கையிலிருந்த இன்ஹேலரைப் பார்த்தாள். மகளை முந்திக்கொண்டு ஓடிப் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் தள்ளினால் கை நுழையும் அளவுதான் திறந்தது. அந்தப் பக்கம் ஏதோ கனமாக முட்டிக்கொண்டிருந்தது. இடுக்கு வழியே அம்மா இன்ஹேலரை நீட்டினாள்.

"தம்பி, நான் அவளோட அம்மா. கைய நீட்டுங்க தம்பி."